பிரஷர் பார்க்கும்போது டாக்டர் ஸ்டெத்தில் எதைக் கேட்கிறார்?

அம்மாவைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போயிருக்கிறீர்கள். அவர் கையில் பட்டையைச் சுற்றி, முழங்கை மடிப்பில் ஸ்டெத் வைத்துக் கேட்டுவிட்டு 152/94 என்று எழுதியிருக்கிறார். வீட்டுக்கு வந்து உங்கள் மெஷினில் பார்த்தால் 128/80. 'இதயத் துடிப்பைத்தான் கேட்கிறார் என்றால் நெஞ்சில் வைத்தே கேட்டிருக்கலாமே, கையில் ஏன்? வீட்டு மெஷினுக்கு ஸ்டெத்தே இல்லையே, அதை எப்படி நம்புவது?' என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: அந்த எண் எங்கிருந்து வருகிறது? அது பிடிபட்டுவிட்டால் இரண்டு எண்ணும் ஏன் முட்டிக்கொள்கின்றன என்பதும் புரிந்துவிடும். நான் பொது மருத்துவம் படித்தவன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உட்கார்ந்து, மாணவர்களுக்கும் நர்சிங் பிள்ளைகளுக்கும் இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இதயநோய் நிபுணன் இல்லை, உங்கள் அம்மாவைப் பார்த்ததும் இல்லை. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். முழங்கை மடிப்பில் கேட்பது இதயத்தின் சத்தம் இல்லை. பட்டை கட்டாமல் அதே இடத்தில் ஸ்டெத்தை மெதுவாக வைத்துப் பாருங்கள். அடியில் தமனி துடித்துக்கொண்டுதான் இருக்கும், விரல் வைத்தால் தெரியும். காதில் ஒன்றும் விழாது. நல்ல தமனியில் ரத்தம் ஓசையில்லாமல் ஓடுகிறது. ஆழமான வாய்க்காலில் தண்ணீர் போவது காதுக்குத் தெரியாது. பாதி இறக்கிய மதகுக்கு அடியில் புகுந்து வரும்போதுதான் இரைச்சல். பிரஷர் பார்க்கிறவர் செய்வது அந்த மதகை இறக்குகிற வேலைதான்.

பல்பை அமுக்கிக் காற்றை ஏற்றினால், பட்டையின் அழுத்தம் தமனிக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாண்டியதும் தமனி தட்டையாகப் படுத்துவிடும். ரத்தம் போகாது, சத்தமும் இருக்காது. பிறகு காற்றை மெதுவாக விடுகிறோம். இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் தமனியின் அழுத்தம் ஓர் உச்சத்துக்குப் போய்வரும். பட்டையின் அழுத்தம் அந்த உச்சத்துக்கு மயிரிழை கீழே வந்ததும், அந்த ஒரு கணம் மட்டும் தமனி திறந்து கொஞ்சம் ரத்தம் பீறிட்டு, மறுபடி மூடிக்கொள்ளும். அப்போது பிறப்பதுதான் முதல் 'டப்'. அது கேட்கும்போது முள் காட்டுவது மேல் அளவு. இன்னும் இறக்கிக்கொண்டே போனால், இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில்கூடத் தமனியை அமுக்கப் பட்டைக்குப் பலம் போதாது என்ற நிலை வரும். தமனி முழுநேரமும் திறந்தே கிடக்கும், ஓட்டம் பழையபடி ஊமையாகிவிடும். சத்தம் நின்ற இடம் கீழ் அளவு. ஆக, டாக்டர் கேட்பது நாமே தமனியை நெரித்து உண்டாக்கிய சத்தம். எப்படி நெரித்தோம், எவ்வளவு வேகமாக விட்டோம், கை எங்கே இருந்தது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்துதான் வெளியே வரும். உங்கள் குழப்பத்துக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

முதல் டப்புக்கும் கடைசி அமைதிக்கும் நடுவே சத்தம் ஒரே மாதிரி இருக்காது. ஐந்து கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் தெளிவான தட்டல், அப்புறம் அதோடு சேர்ந்த ஓர் 'உஷ்', மறுபடியும் அழுத்தமான தட்டல், துணி போட்டு மூடியதுபோல் ஒரு மங்கல், கடைசியாக ஒன்றுமில்லாத நிலை. கீழ் அளவு என்பது மங்கும் இடமா, நிற்கும் இடமா என்று மருத்துவ உலகில் பல பத்தாண்டுகள் வழக்கு நடந்தது. இப்போது நிற்கும் இடத்தைத்தான் எடுக்கிறோம். ஆனால் சில கர்ப்பிணிகள், குழந்தைகள், ரத்தசோகை கடுமையாக உள்ளவர்கள், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனியின் வாயில் இருக்கும் அயோர்ட்டா வால்வு ஒழுகுபவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்குப் பூஜ்யம் வரை டப் டப் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்காகக் கீழ் பிரஷர் பூஜ்யம் என்று எழுத முடியுமா? அங்கே மங்கிய இடத்தைத்தான் குறிக்க வேண்டும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தம் ரத்தம் சுழித்து ஓடுவதால் வருகிறதா, தமனிச் சுவர் சட்டென்று விரிந்து அதிர்வதால் வருகிறதா, இரண்டும் சேர்ந்தா என்பதில் நூறு வருடத்துக்குப் பிறகும் ஆராய்ச்சியாளர்களுக்குள் முழு ஒற்றுமை இல்லை. அது தொடங்கும் இடமும் நிற்கும் இடமும் தமனிக்குள் ஊசி போட்டு அளக்கும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகின்றன என்பது மட்டும் உறுதி. 'கிட்டத்தட்ட'தான். ஸ்டெத்தில் கேட்கும் முறை மேல் அளவைச் சற்றுக் குறைத்தும் கீழ் அளவைச் சற்றுக் கூட்டியும் காட்டுவது வழக்கம்.

நெஞ்சில் வைத்துக் கேட்பது வேறு சங்கதி. அங்கே உடம்பு தானாகப் பேசுகிறது. பள்ளிக்கூடத்தில் 'லப் டப்' என்று படித்திருப்பீர்கள். லப் என்பது இதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே இருக்கும் வால்வுகள் மூடும் நேரத்துச் சத்தம். டப் என்பது வெளியே போகும் இரண்டு பெரிய குழாய்களின் வாயில் இருக்கும் வால்வுகள் மூடும்போது வருவது. பிரஷர் அதிகம் உள்ளவர்களுக்கு அந்த டப் சற்று ஓங்கிக் கேட்கலாம். ஆனால் அதை 150 என்றோ 160 என்றோ எண்ணாக மாற்ற வழியில்லை. நெஞ்சில் வைத்துப் பிரஷர் பார்க்க முடியாது என்பதற்கு அதுதான் காரணம். அங்கே அளவுகோல் கிடையாது, கையில் பட்டைதான் அளவுகோல்.

நெஞ்சுச் சத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் தொண்டைவலியைத் தொடர்ந்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து, வருடங்கள் கழித்து, இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கிப்போன பெண்களை எங்கள் ஓ.பி.யில் நிறையப் பார்த்திருக்கிறேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருவார்கள், பல பேருக்கு முதல் பிரசவத்தின்போதுதான் தெரியவரும். அந்தச் சத்தம் தூரத்தில் லாரி போவதுபோல ஒரு தாழ்ந்த உறுமல். நோயாளியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெத்தின் குழிந்த பக்கத்தை இதய நுனியில் பட்டும் படாமலும் வைக்க வேண்டும். அழுத்தினால் தோலே இழுபட்டு ஒரு சவ்வாகி, தாழ்ந்த சத்தத்தை வடிகட்டிவிடும். மாணவர்கள் 'கேட்கலை சார்' என்று இன்னும் பலமாக அழுத்துவார்கள், இன்னும் கேட்காது. 'கையை எடுத்த மாதிரி வைங்க' என்றதும் முகம் மலரும் பாருங்கள், ஆசிரியராக இருப்பதில் எனக்குப் பிடித்த நிமிடம் அது.

அதே சமயம், உரக்கக் கேட்டால் பெரிய நோய் என்று நினைத்துவிடக்கூடாது. இதயத்தின் கீழறைச் சுவரில் சின்ன ஓட்டை இருந்தால் பெரிய இரைச்சல் போடும், பெரிய ஓட்டை சில சமயம் அடக்கமாக இருக்கும். நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் மர்மர் என்கிற இந்த இதய இரைச்சல் கேட்பது சகஜம், பெரும்பாலானவை வளர்ந்ததும் போய்விடும். நுரையீரலிலும் இதே கதை. இளைப்பு உள்ளவருக்கு விசில் கேட்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடுமையான இளைப்பில் விசில் திடீரென்று நின்றுபோனால் தேறிவிட்டார் என்று அர்த்தமில்லை, காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அப்போதுதான் ஓட வேண்டும். நிமோனியா ஆரம்பத்தில் கேட்கும் மெல்லிய பொரிச்சல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், காதோரத்து முடியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். இத்தனையும் கேட்ட பிறகு இன்றைக்கு எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எக்ஸ்ரேயும்தான் முடிவு சொல்கின்றன. யாருக்கு அவை வேண்டும் என்று காட்டிக்கொடுப்பது காது.

ஸ்டெத்துக்கே வயது இருநூறு தாண்டிவிட்டது. 1816-இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லென்னெக், ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். நேராகக் காது வைப்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு அதை மரத்தில் செய்துகொண்டார். அந்தக் குழல் பிரஷர் பட்டையோடு சேர இன்னும் தொண்ணூறு வருடம் ஆயிற்று. பட்டையைக் கட்டியவர் ஒருவர், காதை வைத்தவர் இன்னொருவர். 1896-இல் இத்தாலியின் டூரினில் சிப்பியோனே ரிவா-ரொச்சி ரப்பர்ப் பட்டையையும் பாதரசக் குழாயையும் இணைத்தார். அவர் கேட்கவில்லை. மணிக்கட்டு நாடியில் விரலை வைத்து, காற்று ஏறும்போது நாடி மறையும் இடத்தையும் இறங்கும்போது திரும்பும் இடத்தையும் பார்த்தார். அதில் மேல் அளவு மட்டும்தான் கிடைக்கும். 'நர்ஸ் நாடி பிடித்தே பிரஷர் சொன்னார், சரியா?' என்று சிலர் கேட்பார்கள். சரிதான். ஓடுகிற ஆம்புலன்சின் இரைச்சலில் ஸ்டெத்தில் ஒன்றும் கேட்காதபோது இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறோம். கீழ் அளவை மட்டும் அதில் கேட்காதீர்கள்.

காதை வைத்தவர் ரஷ்யாக்காரர், நிக்கோலாய் கொரோட்கோவ். 1905, பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவக் கல்லூரி. அவர் பிரஷர் டாக்டரே இல்லை, அறுவை மருத்துவர். ரஷ்ய-ஜப்பானியப் போரில் தமனி கிழிந்த சிப்பாய்களைப் பார்த்தவர். காயம்பட்ட பெரிய தமனியைக் கட்டிவிட்டால் பக்கத்துச் சின்னத் தமனிகள் அந்தக் கையைக் காப்பாற்றுமா, கை அழுகிவிடுமா என்பது அவருடைய கவலை. அதற்காகத் தமனிகளின் மேல் ஸ்டெத் வைத்துக் கேட்டுப் பழகியவருக்கு, ரிவா-ரொச்சி பட்டையைத் தளர்த்தும்போது கீழே சத்தம் தோன்றி மறைவது காதில் பட்டது. அங்கே நடந்த மருத்துவர்கள் கூட்டத்தில் அவர் கொடுத்த அறிக்கை ஒரு பக்கம்கூட வராது. அந்தச் சத்தம் இதயத்திலிருந்து பரவி வருவதில்லை, அந்த இடத்திலேயே பிறப்பது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். நீங்கள் கேட்ட அதே சந்தேகம் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்த பெரியவர்களுக்கும் வந்தது, ஆகவே கேட்டதற்கு வெட்கப்பட வேண்டாம்.

அந்தக் காலத்து நாடி முறையை நாம் இன்னும் தூக்கிப் போடாததற்கு ஒரு காரணம் உண்டு. அதை நான் கற்றது ஒரு தவறில். பயிற்சி டாக்டராக இருந்த வருடம், தலைவலி என்று வந்த ஒரு பெரியவருக்குப் பிரஷர் பார்த்தேன். 170 வரை ஏற்றினேன், சத்தம் இல்லை. இறக்கினேன், 148-இல் டப் என்றது. 148/96 என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற சீனியர் சிஸ்டர், 'நாடியைப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு தடவை ஏத்துங்க டாக்டர்' என்றார். 170-இல் ஸ்டெத் அமைதியாக இருந்தது, விரலுக்கடியில் நாடி துள்ளிக்கொண்டிருந்தது. 230 வரை ஏற்றி இறக்கினேன். 212-இல் சத்தம் தொடங்கியது, 180 பக்கம் காணாமல் போனது, 150-க்குக் கீழே மறுபடி வந்தது. நடுவே ஓர் ஊமை இடைவெளி. தமனி விறைத்துப்போன வயதானவர்களிடமும் நாள்பட்ட பிரஷர்காரர்களிடமும் இது அதிகம். அந்த இடைவெளிக்குள் போய் நின்றுகொண்டு 'சத்தமில்லை, போதும்' என்று நினைத்தவன் நான். அதனால்தான் முதலில் நாடி மறையும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்கு மேல் 20 அல்லது 30 ஏற்றி, பிறகு வினாடிக்கு 2 அல்லது 3 வீதம் இறக்கிக் கேட்க வேண்டும் என்பது விதி. அவசரத்தில் புஸ்ஸென்று காற்றைத் திறந்துவிடுகிறவர் இரண்டு துடிப்புக்கு நடுவே பத்துப் புள்ளியைத் தவறவிட்டுவிடுவார்.

இப்போது உங்கள் வீட்டு மெஷின். அதற்குக் காது கிடையாது. பட்டை தளரும்போது தமனியின் ஒவ்வொரு துடிப்பும் பட்டைக்குள் இருக்கும் காற்றை லேசாக ஆட்டும். நீங்களே கவனித்திருப்பீர்கள், அந்த நேரத்தில் கை விண்விண் என்று துடிக்கும். அந்த ஆட்டம் சின்னதாகத் தொடங்கி, பெரிதாகி, மறுபடி சின்னதாகும். எங்கே ஆட்டம் மிகப் பெரிதோ அதுவே தமனியின் சராசரி அழுத்தம். மெஷின் நேராகப் பிடிப்பது அதைத்தான். மேல் அளவும் கீழ் அளவும் ஆட்டத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து ஒரு கணக்குப் போட்டு எடுப்பவை. அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, பெரும்பாலும் வெளியே சொல்லமாட்டார்கள். ஆகவே இரண்டு கம்பெனி மெஷின் நாலைந்து புள்ளி வேறுபட்டால் ஒன்று பழுது என்று அர்த்தமில்லை. இதயம் தாளம் தப்பித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளிடம் இந்தக் கணக்கு தடுமாறும். அவர்களுக்கு மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்கலாம், ஸ்டெத் வைத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. மணிக்கட்டில் கட்டும் மெஷினை நான் சிபாரிசு செய்வதில்லை.

ஆனால் காது இல்லாததில் ஒரு நன்மையும் உண்டு. மெஷினுக்குப் பூஜ்யத்தில் முடியும் எண் மேல் ஆசை கிடையாது. எந்த ஆஸ்பத்திரியின் பழைய கேஸ் ஷீட்டையும் புரட்டிப் பாருங்கள், 120/80, 130/80, 140/90, மறுபடி 130/80. ஊரில் இருக்கும் அத்தனை பேர் பிரஷரும் பூஜ்யத்தில்தான் முடியுமா என்ன? கேட்கிறவர் மனசு பக்கத்தில் இருக்கும் அப்படிப்பட்ட எண்ணுக்குச் சாய்ந்துவிடுகிறது. பாதரசக் குழாயிலும் முள் மீட்டரிலும் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். ஆகவே கையால் பார்த்து 127 என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். உங்கள் டாக்டர் 150/90 என்று உருட்டாமல் 152/94 என்று எழுதியிருக்கிறார், கவனமாகத்தான் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்ப்பவர்கள் டிஜிட்டல் மெஷின் கொண்டுவந்தால் அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. பாதரச மெஷின்தான் அசல் என்று நம் பெரியவர்களுக்கு ஒரு பிடிப்பு உண்டு, எனக்கும்தான். ஆனால் பாதரசம் கொட்டினால் நஞ்சு. பாதரசத்தைக் குறைக்க உலக நாடுகள் செய்துகொண்ட 2013-இன் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு உலகம் முழுக்க அது ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. மிச்சம் இருப்பது அலகு மட்டும். 120 என்றால் பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயரம் தூக்கிப் பிடிக்கும் அழுத்தம். அதே அழுத்தம் தண்ணீரை 163 சென்டிமீட்டர் தூக்கும். தண்ணீரில் அளப்பதாக இருந்தால் டாக்டர் மேசையில் ஆள் உயரக் கண்ணாடிக் குழாய் நிற்க வேண்டியிருக்கும். 1733-இல் இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் வெளியிட்ட சோதனையில் அப்படித்தான் நின்றது. குதிரையின் தமனியில் குழாயைச் செருகியபோது ரத்தமே எட்டு அடிக்கு மேல் ஏறியது.

சரி, 152-க்கும் 128-க்கும் நடுவே இருக்கும் 24 புள்ளிக்கு வருவோம். மெஷினைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். காலையில் பஸ் பிடித்து, டோக்கன் வாங்கி, நின்று, பேர் கூப்பிட்டதும் வேகமாக உள்ளே போய், முதுகுக்குச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்ததும் பட்டை ஏறியிருக்கும். ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்பது எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. இருநூறு பேர் வரிசையில் நிற்கும் ஓ.பி.யில் அது நடக்காது, நானும் செய்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். பட்டை ஏறிக்கொண்டிருக்கும்போதே 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா' என்று கேட்போம், அம்மாவும் பதில் சொல்லுவார். பேசினாலே ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் ஏறும். கால்மேல் கால் போட்டிருந்தால் ஏறும். கிளம்பும்போது குடித்த காபியும் தன் பங்குக்கு ஏற்றும்.

கையின் உயரம் இன்னொன்று, இது சுத்தமான கணக்கு. பட்டை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இறங்கினால் 7 அல்லது 8 புள்ளி கூடும், மேலே போனால் அவ்வளவு குறையும். கையைத் தொடையில் வைத்தோ தொங்கப்போட்டோ பார்த்தால் 10 புள்ளி சும்மாவே ஏறிவிடும். ரவிக்கைக் கையை இறுக்கமாக மேலே சுருட்டிவிட்டு அதற்குக் கீழே பட்டை கட்டுவதும் தப்பு, அந்தச் சுருட்டலே இன்னொரு பட்டை.

எல்லாவற்றையும்விட நம் ஊரில் கவனிக்கப்படாதது பட்டையின் அளவு. உள்ளே இருக்கும் காற்றுப் பை மேற்கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும், அகலம் 40 சதவீதமாவது வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு பொய்யாக ஏறும். ரிவா-ரொச்சியின் முதல் பட்டையே இந்தத் தப்போடுதான் பிறந்தது, அகலம் ஐந்து சென்டிமீட்டர்தான். சில வருடத்திலேயே ஜெர்மனியில் ரெக்லிங்ஹவுசன் அதை அகலப்படுத்தினார். ஆனால் இன்றும் பல இடங்களில் ஒரே பட்டையை ஒல்லியான தாத்தாவுக்கும் கட்டுகிறோம், பருமனான அம்மாவுக்கும் கட்டுகிறோம். உங்கள் மெஷினின் பட்டையில் எத்தனை சென்டிமீட்டர் கைக்கு என்று அச்சடித்திருக்கும். ஒரு தையல் டேப்பால் அம்மாவின் மேற்கையை நடுவில் அளந்து பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் டாக்டரிடம் மட்டும் ஏறுகிறவர்கள் உண்டு. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஏறும் பிரஷர் என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் அதுவாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்வேன், ஒருநாள் எடுத்த 128-ஐ வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது. இதற்கு நேர்மாறாக டாக்டரிடம் சரியாக இருந்து வீட்டிலும் வேலையிடத்திலும் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள்தான் எங்கள் கண்ணில் படாமல் தப்புகிறவர்கள். வெள்ளைக் கோட் வகை ஆபத்தே இல்லாததா என்பதில் கருத்து ஒருமைப்படவில்லை. நிரந்தரப் பிரஷர் அளவுக்கு மோசமில்லை, ஆனால் அதில் பலருக்கு வருடங்கள் போனால் நிஜப் பிரஷரே வந்துவிடுகிறது. ஆகவே மாத்திரை தேவைப்படாவிட்டாலும் கண்காணிப்பு தேவை. எல்லைக்கோடும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. டாக்டரிடம் பார்க்கும்போது 140/90-க்கு மேல் என்பது நாங்கள் பழகிய கணக்கு, அமெரிக்கர்கள் 2017-இல் அதை 130/80-க்கு இறக்கிவிட்டார்கள். நாங்கள் பழகிய கணக்கிலேயே வீட்டில் பார்ப்பதற்கு எல்லை குறைவு, 135/85. 'வீட்டில் 138 தானே, 140 தாண்டவில்லையே' என்று நிம்மதியாக இருக்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு வாரத்து வேலை. ஏழு நாள், காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால் இரண்டு முறை, இரவு படுக்கப்போகும் முன் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில். அதற்கு முன் ஐந்து நிமிடம் டி.வி.யை அணைத்துவிட்டுச் சாய்ந்து உட்காரட்டும், கை மேசைமேல், கால் தரையில், பேச்சு வேண்டாம். முதல்நாள் மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள், எதில் அதிகமோ அந்தக் கையையே பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைக்கும் நடுவே மறுபடி மறுபடி 15-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அதையே தனியாக டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஒரு கைக்குப் போகும் தமனியில் அடைப்பு இருக்கலாம். வந்த எண்களை அப்படியே எழுதுங்கள். பிடிக்காத எண்ணை விட்டுவிட்டு 'இன்னொரு தடவை பார்ப்போம்' என்று நல்லதாக வரும்வரை பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். முதல்நாள் எண்களை ஒதுக்கிவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். அம்மா ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இந்த 128-ஐப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், அது மாத்திரை கொடுத்த 128 ஆக இருக்கலாம். என்றைக்காவது 180/120-க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், ஒரு பக்கம் பலம் குறைதல் என்று ஏதாவது இருந்தால் சராசரிக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். மற்றபடி, அடுத்த முறை போகும்போது நோட்டோடு மெஷினையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். டாக்டர் ஸ்டெத் வைத்துப் பார்த்து முடித்ததும், 'டாக்டர், அதே கையில் இதையும் ஒருதடவை கட்டிப் பார்த்துடலாமா?' என்று கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் மறுக்கமாட்டார்.